ஏரிக்குள் நின்று பெண் கேட்ட கதை

எங்கட சனத்தில் கலியாணம் பேசுகிற வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், கட்டப்போகிறவனைத் தவிர. மாமா கதைப்பார், பெரியம்மா கதைப்பா, அம்மாவோடு கோயில் மடப்பள்ளியில் மரக்கறி வெட்டுகிற அன்ரி கதைப்பா, நம்மை ஒருநாளும் கண்டிராத கொழும்புச் சித்தப்பா ஒருவர் வாட்ஸ்அப்பில் கதைப்பார். மாப்பிள்ளை மட்டும் சோபாவின் நுனியில் இருந்துகொண்டு வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போடுவான். "பொடியன் நல்ல அமைதி" என்று வந்தவர்கள் சொல்வார்கள். (அமைதியுமில்லை, ஒன்றுமில்லை, பயம். நானும் அந்தச் சோபாவில் இருந்தவன்தான்.)

நான் கட்ட விரும்பிய தர்சினியின் அப்பாவுக்கு இந்த வழக்கத்தைக் கண்ணிலும் காட்டக்கூடாது. குலசிங்கம் அங்கிள் இங்கே, கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வருடக்கணக்காக மெஷின் ஓட்டி, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். மனைவி இறந்தபிறகு வோபர்னில் ஒரு ரவுன்ஹவுஸில், வரிசை வீடொன்றில், அவரும் மகளும் மட்டும். தர்சினிக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாவற்றையும் அவர் ஒரே காரணம் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்: "வந்த சனமெல்லாம் கதைச்சுது, கட்டப்போறவன் வாய் திறக்கேல்லை." அதில் ஒரு மாப்பிள்ளை டொக்டர். அவனும் தப்பவில்லை. மகனுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது என்று தாய் சொன்னபோது, அங்கிள் நேரே அவனைப் பார்த்து "அப்பிடியோ தம்பி?" என்று கேட்டிருக்கிறார். அவன் பதிலுக்குத் தாயைப் பார்த்தானாம். அன்றோடு அந்தக் கதை முடிந்தது.

நானும் தர்சினியும் ஒரே இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. எங்கள் விசயம் என் அம்மாவுக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியும், டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்ற் லிப்ற்றில் ஏறி இறங்குகிற பாதிச் சனத்துக்குத் தெரியும். தெரியவேண்டிய ஒருவருக்குத்தான் தெரியாது. தர்சினி வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"உம்மட அம்மாவும் வேண்டாம், பெரியம்மாவும் வேண்டாம். நீர் தனியப் போய்க் கேளும். இல்லாட்டி அவர் ஓம் எண்டு சொல்லமாட்டார். அவர் ஓம் எண்டு சொல்லாமல் நான் வரமாட்டன்."

அவ்வளவுதான். ஒரேயொரு வசனம் கேட்கவேண்டும். எனக்கோ மனேஜரிடம் லீவு கேட்பதற்கே ஒரு கிழமை ஒத்திகை வேண்டும்.

இதற்குள் நான் இன்னொரு அலங்கோலமும் செய்து வைத்திருந்தேன். ஒருநாள் தர்சினியை இறக்கிவிடப் போனபோது, "வேலையிடத்து ஃபிரெண்ட்" என்று என்னை உள்ளே கூப்பிட்டாள். அங்கிள் மேசையில் பேப்பர் விரித்துத் தூண்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி போனபின் பிடித்துக்கொண்ட பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மடிப்புக் கதிரையையும் தூக்கிக்கொண்டு தனியே தண்ணிக்கரையில் போய் இருந்துவிடுவாராம். கதைக்க ஒரு விசயம் கிடைத்துவிட்ட பரவசத்தில் நான் வாயைத் திறந்தேன். "எனக்கும் மீன்பிடி எண்டா உயிர், அங்கிள்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று சத்தியமாக இன்றுவரை தெரியாது. மீனுக்கும் எனக்கும் இருந்த உறவு, மீன்கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று விரலால் காட்டுவதோடு சரி. "கறிக்கு வெட்டவோ, பொரிக்க வெட்டவோ?" என்று கடைக்காரர் கேட்டால் அம்மாவுக்குப் போன் எடுக்கிறவன் நான். ஆனால் அங்கிள் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இருக்கச் சொன்னார். தேத்தண்ணி போடச் சொன்னார். அதற்குப்பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தர்சினி சும்மா இருப்பாளா. அப்பாவின் ஓய்வுக்குப் பரிசு என்று, வழிகாட்டி ஒருவரோடு படகில் போய் பாஸ் மீன் பிடிக்கிற பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தாள். படகில் வழிகாட்டியைத் தவிர இரண்டு பேருக்குத்தான் இடம். தனக்குப் படகு ஏறினால் வயிற்றைப் பிரட்டும் என்று சொல்லி என்னைக் கோத்துவிட்டாள். மீன் எங்கே கிடக்கிறதென்று காட்டுவதற்கும் ஒரு ஆளோ என்று அங்கிள் கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு, அந்தப் பொடியனும் வாறதெண்டால் சரி என்றாராம். அதைக் கேட்டு எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

போவதற்கு முன் பழகவேண்டும் என்று ஒரு மலிவுத் தூண்டில் வாங்கி, எங்கள் கட்டிடத்தின் பின்னால் கார் விடுகிற இடத்தில் வீசிப் பார்த்தேன். முதல் வீச்சு மரத்தில் மாட்டியது. அடுத்தது, சாமான் பைகளோடு வந்த ஒரு அன்ரியின் முருங்கைக்காய்க் கட்டில் மாட்டியது. அன்ரி கோபிக்கவில்லை. முருங்கைக்காயிலிருந்து தூண்டில் கொளுக்கியைக் கழற்றித் தந்துவிட்டு, "தம்பி, இஞ்ச என்ன மீன் வாறது?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டா. நான் கேட்கவேண்டிய வசனத்தையும் பழகினேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், பஸ்சில் சொல்லிப் பார்த்தேன். "அங்கிள், உங்கள் மகளை வாழ்க்கைத் துணையாக ஏற்க உங்கள் சம்மதத்தை நாடி நிற்கிறேன்." (கலியாண அழைப்பிதழ் ஒன்றிலிருந்து சுட்டது. யார் இப்படிக் கதைக்கிறார்கள்?)

பயணத்துக்கு முதல்நாள் மாலை, அங்கிளின் மனதைக் குளிர வைக்கவென்று பிளாசாவில் சாப்பாட்டுக்கடைக்குப் போய் ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்சும் மீன் கட்லற்றும் வாங்கி வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெட்டி வீட்டு வாசல் தாண்டியிராது.

விடியற்காலை வோபர்னுக்குப் போய் அங்கிளை ஏற்றினேன். சீற் பெல்ற்றைப் போட்டார், போனை எடுத்தார், யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் திருவிழா நேரலையைப் போட்டுக் காருக்கு முன்னால் சாத்தி வைத்தார். நல்லூரில் கொடி ஏறினால் இறங்கும்வரை எங்கள் வீடுகளில் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, கிடையாது. கனடாவுக்கு வந்தால் என்ன, செவ்வாய்க்கிரகத்துக்குப் போனால் என்ன, கிடையாது. அம்மா இத்தனை நாளாக எனக்குப் பருப்பும் கத்தரிக்காயும் போட்டுக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் மண்டையில் ஏறியது. பின்சீற்றில் மட்டன் ரோல்ஸ் கமகமவென்று மணத்துக்கொண்டிருந்தது. மெல்லக் கண்ணாடியை இறக்கினேன். "ஏசி வேலை செய்யேல்லையோ?" என்று அங்கிள் கேட்டார்.

விரதத்தில் மீன் பிடிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பிடித்த மீனைத் திரும்ப விடப்போகிறோம், விரதம் வாய்க்குத்தானே, கைக்கு இல்லையே என்றார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விடை இருந்தது. என் வசனத்தைக் காரிலேயே சொல்லிவிடலாமென்றுதான் திட்டம். ஆனால் முருகன் வெளிவீதி வருகிறார், அங்கிள் கண்ணை மூடிக் கையெடுக்கிறார், அதற்கு நடுவில் நான் என்னத்தைக் கேட்பது? ஹைவே முழுக்க வாயை மூடிக்கொண்டு ஓடினேன்.

ஸ்காபரோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் வருகிற ஏரி அது. கோடை முடிகிற நேரம். வெயிலில் சூடு குறையாவிட்டாலும் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. கரையிலிருந்து கண்ணுக்கு எட்டிய மட்டும் அல்லி இலைகள், இலைகளுக்கு நடுவில் பாசி, பாசிக்கு மேல் தும்பிகள். வழிகாட்டியின் பெயர் டெப். ஐம்பது வயது மதிக்கலாம், வெயிலில் வெந்து சிவந்த முகம், தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கமாட்டாள். புறப்படுமுன் ஏரியைப் பற்றி, அதன் ஆழத்தைப் பற்றி, படகில் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். நான் பழுத்த மீன்பிடிகாரன் மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. உள்ளே வசனத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

டெப் ஆளுக்கொரு மிதவை அங்கி தந்தாள். அங்கிளுக்கு அளவாக இருந்தது. எனக்குக் கிடைத்தது என்னைப்போல் இரண்டு பேருக்குத் தைத்தது. போட்டதும் என் கழுத்து காணாமல் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவேண்டுமென்றால் முழு ஆளும் திரும்பவேண்டும்.

இனி அந்தப் பிடியைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கோடைக் கடைசியில், இப்படியான ஏரியில், பாஸ் மீன் வெயிலுக்கு ஒதுங்கி அல்லி இலைகளுக்குக் கீழே கிடக்கும். தூண்டில் நுனியில் ஒரு ரப்பர் தவளை. அதை இலைகளுக்கு மேலே வீசி மெல்ல மெல்ல இழுத்தால், தவளையொன்று தத்திப் போகிறதென்று மீன் கீழே இருந்து பாய்ந்து கவ்வும். கவ்விய உடனே இழுக்கக்கூடாது. ஒரு மூச்சு பொறுத்து, மீன் தவளையோடு கீழே போனபிறகுதான் இழுக்கவேண்டும். பொறு, பொறு என்று டெப் கையால் காட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் பொறுக்கவில்லை. என் தவளையைச் சுற்றித் தண்ணீர் படாரென்று வெடித்ததும், பயத்தில் இரண்டு கையாலும் இழுத்தேன். தவளை மீனின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு, என் காதோரமாகப் பறந்து, அங்கிளின் தொப்பியைக் கொளுவிக்கொண்டு மறுபக்கத்தில் போய் விழுந்தது. அல்லி இலையொன்றின் மேல் தொப்பி உட்கார்ந்திருந்தது. டெப் நீட்டுத் தடியால் எடுத்துத் தந்தாள். அங்கிள் அதை உதறித் திரும்பப் போட்டார். அதற்குப்பிறகு நான் கோலை உயர்த்துகிற ஒவ்வொரு முறையும் அவருடைய இடது கை தானாகத் தொப்பிக்குப் போனது.

அவருக்கு மீன் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொளுக்கியைக் கழற்றுவார், கொஞ்சநேரம் பார்ப்பார், "போ" என்று சொல்லிக் கையை விடுவார். ஒரு பெரிய மீனை விட்டுவிட்டு, அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"தர்சினியின்ர அம்மா இருந்திருந்தால் விட விட்டிருக்கமாட்டா. விரதம் முடியுமட்டும் ஃபிறீசரில வைச்சிருப்பா."

சிரிப்போடுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. அதுவரை நான் கேட்கப்போகிற கேள்வியை என் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். அவர் ஓம் என்பாரா, மாட்டேன் என்பாரா, நான் பிழைப்பேனா, மாட்டேனா. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போகத்தான் இந்த மனிசனோடு மீன்பிடிக்க வந்திருக்கிறேன் என்பது அந்தப் படகில் வைத்துத்தான் உறைத்தது.

மத்தியானம் டெப் படகை நிறுத்திச் சாப்பிடச் சொன்னாள். நான் பெட்டியைத் திறந்தேன். அங்கிள் ரோல்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தனக்கு விரதம், நீர் சாப்பிடும் என்றார். எனக்கும் விரதம்தான் என்றேன். "அப்ப உது ஆருக்கு?" என்று கேட்டார். டெப்புக்கு என்றேன். டெப் அதற்குமுன் மட்டன் ரோல்சைக் கண்டிருக்கவே மாட்டாள். ஒன்றைக் கடித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, உறைப்பை ஊதிக்கொண்டே பெட்டியைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அங்கிள் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மூடியில் பாதிப் புட்டும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் போட்டு என்னிடம் நீட்டினார். தர்சினி சமைத்தது. சாப்பிட்டுக்கொண்டே அவர் விசாரிக்கத் தொடங்கினார்.

"ஊரில எங்க மீன் பிடிச்சனீர்?"

"சுன்னாகத்தில, அங்கிள்."

அங்கிள் மெல்லுவதை நிறுத்தினார். சுன்னாகத்தில் கடல் இல்லை. (வரைபடத்தைப் பார்க்கத் தேவையில்லை, அங்கே பிறந்த எனக்கே தெரியும்.)

"கிணத்திலயோ?" என்று கேட்டார்.

நான் புட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கழித்து, உப்புக் கூடியிருக்கோ என்று கேட்டார். பேச்சு மாறிய சந்தோசத்தில், "இல்லை அங்கிள், எப்பவும் போலத்தான்" என்று சொன்னேன். சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேனென்று எனக்கே கேட்டது. அவர் மூடியை வாங்கி, ஏரித் தண்ணீரில் அலம்பி, பெட்டியைப் பூட்டினார்.

இனித் தாங்காது என்று முடிவெடுத்தேன். என் தூண்டிற்கோலைக் கையில் பிடித்தபடி, தவளையைப் படகுக்குப் பக்கத்தில் தண்ணீரில் மிதக்க விட்டுவிட்டு, எழும்பி நின்றேன். பெரியவரிடம் முக்கியமான விசயம் கேட்கும்போது இருந்துகொண்டு கேட்பது மரியாதையில்லை என்ற நினைப்பு. மிதவை அங்கியைக் கீழே இழுத்துச் சரிசெய்தேன். டெப் என்னை இருக்கும்படி கைகாட்டியது தெரிந்தது. ஒரு கலியாண விசயத்துக்கு நடுவில் இவள் யார் என்று கவனிக்காமல் விட்டேன்.

"அங்கிள், நான் உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும்."

"கேளும்."

அந்த நேரம் பார்த்துத்தானா அந்த மீனுக்குப் பசிக்கவேண்டும்? தவளை மிதந்த இடம் வெடித்தது. கோல் என் கையை இழுத்தது. நான் கோலை விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு கால் படகின் விளிம்பில், மறுகால் ரோல்ஸ் பெட்டியில், அடுத்த கணம் தலைகீழாக ஏரிக்குள் போனேன்.

மிதவை அங்கி என்னை உடனே மேலே தள்ளி மல்லாக்காகப் போட்டது, காதுவரை தண்ணீர். காலை உதைத்தால் பாசி வந்து சுற்றிக்கொண்டது. நான் அதை மிருகம் என்று நினைத்தேன். கனடாவில் முதலை இல்லை என்பது அப்போது நினைவில் இல்லை. எனக்கு நீந்தத் தெரியாது. வானம் மட்டும் தெரிந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். முடிகிறதென்றால், சொல்லாமல் சாகக்கூடாது.

கத்தத் தொடங்கினேன். அங்கிள், நான் தர்சினியை விரும்புறன், அவவைக் கட்டத்தான் வந்தனான் என்று கத்தினேன். எனக்கு மீன்பிடிக்கத் தெரியாது, சொன்னது முழுக்கப் பொய் என்று கத்தினேன். ரோல்ஸ் டெப்புக்கு இல்லை, உங்களுக்குத்தான் வாங்கினனான் என்றும், நல்லூரை மறந்துபோனேன், முருகன் மன்னிக்கவேண்டும் என்றும் கத்தினேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கோ என்றேன். என்ன சொல்வதென்று சொல்ல முன்னம் வாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. டெப் எங்கேயோ தூரத்திலிருந்து ஒரே இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. எனக்கு விளங்கவில்லை.

பிறகு வானத்தை மறைத்துக்கொண்டு அங்கிளின் முகம் வந்தது. படகின் விளிம்பில் குனிந்து, தொப்பியை ஒரு கையால் பிடித்தபடி, மிக ஆறுதலாகச் சொன்னார்.

"தம்பி, எழும்பி நில்லும்."

"கால் எட்டாது, அங்கிள்."

"எட்டும். நில்லும்."

நின்றேன். தண்ணீர் இடுப்பு வரைக்கும் இருந்தது. அதுவும் சேற்றில் கால் புதைந்ததால்தான் இடுப்பு. டெப் காலையில் அவ்வளவு நேரம் விளங்கப்படுத்தியதன் சாரமே இதுதான் என்று பிறகு அறிந்தேன்: இந்த ஏரி ஆழமில்லை, விழுந்தால் பதறவேண்டாம், எழும்பி நின்றால் போதும்.

தலையில் பாசி, மூக்கில் தண்ணீர், கையில் இன்னும் அந்தக் கோல். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். டெப் கையிலிருந்த ரோலை மெல்லவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் என்னவோ பெரிய விசயம் நடக்கிறதென்று விளங்கியிருக்கவேண்டும். அங்கிள் தன் தூண்டிலைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"படுத்துக்கிடந்து சொன்னது வடிவாய் விளங்கேல்லை," என்றார். "இப்ப நிண்டுகொண்டு சொல்லும்."

பழகிய வசனத்தில் ஒரு சொல்லும் ஞாபகத்தில் இல்லை. "அங்கிள், தர்சினியைக் கட்ட எனக்கு விருப்பம்," என்றேன். "அவவுக்கும் விருப்பம். நீங்கள் ஓம் எண்டால்தான் வருவா. உங்களைத் தனிய விட்டிட்டுக் கூட்டிக்கொண்டு போறதெண்டு நினைக்கத்தான் காலமையில இருந்து வாய் வரேல்லை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அல்லி இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கழுத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. பிறகு கையை நீட்டினார்.

"சரி. கையைத் தாரும்."

கொடுத்தேன். இழுத்துக்கொண்டே, "மற்றக் கையைப் பாரும், மீன் கிடக்கு" என்றார். உண்மைதான், அந்த மீன் இன்னும் தூண்டிலில்தான் இருந்தது. என்னை ஏரிக்குள் இழுத்து விழுத்திய அந்தப் பெரும் பகையாளி, டெப் எடுத்துக் காட்டியபோது, என் உள்ளங்கைக்குள் அடங்கியது. அங்கிளே கொளுக்கியைக் கழற்றி என் கையில் தந்து விடச் சொன்னார். விட்டேன். டெப் படம் எடுத்தாள்.

திரும்பி வரும்போது ஈரக் காற்சட்டையோடு, சீற்றில் குப்பைப் பை விரித்து, கார் ஓடினேன். அங்கிள் நேரலை போடவில்லை. ஹைவேயை விட்டு இறங்கியபிறகு, என் அம்மாவை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். பெரியம்மா, மாமா யார் வேண்டுமானாலும் வரட்டும், ஆனால் கதைக்கிறது நீர்தான் என்றார். வீட்டு வாசலில் இறங்கிக் கதவைச் சாத்தப் போனவர் குனிந்து சொன்னார்: "அவள் உப்புக் கூடத்தான் போடுறவள். நீர் கனநாளாய்ச் சாப்பிடுறீர் போல."

கலியாண மண்டபத்தில் அவர் மைக்கைப் பிடித்து முழுக் கதையையும் சொன்னார். கிணற்று மீன் உட்பட. சனம் சிரித்துச் சிரித்து, சாப்பாட்டுக்கு எழும்பவே பிந்திவிட்டது. நானும் மேடையிலிருந்து சிரித்தேன், வேறென்ன செய்வது? டெப் எடுத்த படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டு இருக்கிறது. அதில் மீன் தெரியாது. பாசி நன்றாகத் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். யாராவது ஒரு விசயத்தைச் சுத்தி வளைத்து, இழுத்து, மென்று விழுங்கினால், மற்றவர்கள் உடனே "எழும்பி நிண்டு சொல்லும்" என்பார்கள். சொல்பவர் எழும்பி நின்றே ஆகவேண்டும். தர்சினி, வயிற்றில் பிள்ளை என்பதைச் சமையலறை நடுவில் நின்றுதான் சொன்னாள். வேலை போய்விட்டதென்று ஒரு கிழமை மறைத்துத் திரிந்தபிறகு நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் யாரையோ கடித்துவிட்டு வந்து, நாங்கள் கேட்கமுன்னமே கதிரையில் ஏறி நின்றாள். உண்மை என்னவென்றால், நின்றுகொண்டு நெடுநேரம் பொய் சொல்ல முடியாது. கால் உளையும்.

மாமா மட்டும் அந்தச் சட்டத்துக்கு அகப்பட்டதில்லை. (அங்கிள் என்பது கலியாணத்தோடு மாமா ஆகிவிட்டது.) எங்களோடு வந்து இருக்கச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டோம். தனக்கென்ன குறை, வோபர்னில் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறதென்பார். முழங்கால் நோகத் தொடங்கி மீன்பிடிக்கப் போவது நின்றபிறகும் அதே பதில்தான். நாங்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனோம்.

போன மாரியில், பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்திருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டு, அங்கே ஹீற்றர் சத்தம் போடுகிறதென்றார். படியில் வெளிச்சம் காணாதென்றார். பக்கத்து வீட்டுச் சனம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், நல்ல சனம் என்றார். திரும்ப ஹீற்றருக்கு வந்தார். நான் ஹீற்றர் பார்க்க ஆள் கூப்பிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தர்சினி பருப்புக் கரண்டியோடு, சிரித்துக்கொண்டே, பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"அப்பா, எழும்பி நிண்டு சொல்லுங்கோ."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கையைத் தண்ணீர்க் கோப்பையில் கழுவினார். மேசையை இரண்டு கையாலும் ஊன்றி, அந்த முழங்காலோடு, மெல்ல மெல்ல எழும்பினார். உதவப்போன தர்சினியை வேண்டாமென்று தலையாட்டினார். நிமிர்ந்து நின்றபிறகு, அவளைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு அங்க தனிய இருக்கப் பயமாக் கிடக்கு, தம்பி."

தர்சினியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் நின்றபடியே இருந்தார். எழும்பி மேசையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனேன்.

"சரி மாமா," என்றேன். "கையைத் தாங்கோ."

தந்தார்.